மோட்டார் முகப்பலகை என்னும் சாசனம்



பழைய மோட்டார்க் கார் ஒன்றில் ஏறி அமர்ந்து, ஓட்டுநர்க்கு எதிரே உள்ள பலகையைக் கூர்ந்து நோக்குங்கள். வட்டத் தட்டுக்கள் ஒன்றோ இரண்டோ மூன்றோ இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு முள். முள்ளைச் சுற்றிலும் எண்கள். அவற்றை நாம் மீட்டர் என்றும் டயல் என்றும் வழங்குகிறோம். ஓட்டுவோர்க்கு அவை வேகத்தையும் தூரத்தையும், பெட்ரோலின் இருப்பையும், இயந்திரத்தின் சூட்டையும் அறிவிக்கும் கருவிகள். வரலாறு பயில்வோர்க்கோ அவை வேறொன்றையும் அறிவிக்கின்றன. அந்தக் கார் பிறந்த நாளில் இந்நாட்டு மக்கள் எந்த அளவைகளைக் கையாண்டார்கள் என்பதே அது. கல்லிலும் செம்பிலும் வெட்டியவை மட்டுமே சாசனங்கள் என்று எண்ண வேண்டா. தகரத் தட்டில் அச்சிட்ட எண்களும், படிக்கத் தெரிந்தவர்க்குச் சாசனமே.

பழைய கார்களைப் பேணிக் காப்போர் தொகை இந்நாளில் நம் நாட்டில் பெருகி வருகிறது. அவர்களுள் பலர் முதலில் செய்ய விரும்பும் காரியம், பழுதடைந்த பழைய மீட்டர்களைக் கழற்றிவிட்டுப் புதியவற்றைப் பொருத்துவதாகும். அது தகுமா? தகுமெனில் எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது? இவ்வினாவை ஒரு மெக்கானிக்கின் கண்கொண்டு மட்டும் பார்த்தால் போதாது. வரலாற்று மாணவனின் கண்கொண்டும் பார்த்தல் வேண்டும். அதற்கு முதலில் ஒரு சாலையைக் காண்போம்.

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலை, தாம்பரம், செங்கற்பட்டு, மதுராந்தகம் ஆகிய ஊர்களைக் கடந்து திண்டிவனத்தை அடைகிறது. அங்கிருந்து கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி வழியாக விழுப்புரத்தை எட்டுகிறது. கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு என்பது ஆங்கிலேயர் இட்ட பெயர்; நாம் ஜி.எஸ்.டி. சாலை என்று சுருக்கிக்கொண்டோம். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 38 கிலோமீட்டர். பழங்கணக்கில் சொன்னால் 24 மைலுக்குச் சற்றுக் குறைவு. ஒரே சாலை, ஒரே தூரம். ஆனால் அதற்கு எண்கள் இரண்டு. இவ்விரண்டு எண்களுக்கு இடையே நிகழ்ந்த மாற்றந்தான் நம் பேச்சின் உயிர்நாடி.

மோட்டார் வரலாற்றிலும் இச்சாலைக்கு ஓர் இடம் உண்டு. இந்தியாவில் கார்களைத் தயாரிக்க 1942-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும், 1944-இல் பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸும் தோன்றின. சென்னைக்கு வாய்த்தது ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. அதன் தொழிற்சாலை இதே ஜி.எஸ்.டி. சாலையில், தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூர், வண்டலூர் வட்டாரத்தில் இருந்தது. 1961 முதல் அங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் சிறு கார் தயாராயிற்று. இங்கிலாந்தில் டிரயம்ப் ஹெரால்டு என வழங்கிய காரின் இந்திய வடிவம் அது. அம்பாசடர் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரிலிருந்தும், பிரீமியர் பத்மினி இத்தாலியின் பியட் காரிலிருந்தும் வந்தவை. ஸ்டாண்டர்டு ஆலை 1980-களின் இறுதியில் மூடப்பட்டது. அம்பாசடர் 2014 வரை உற்பத்தியில் இருந்தது. ஆகவே திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ ஒரு பழைய கார் கொட்டகையைத் திறந்தால், உள்ளே நிற்பது பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்றாகவே இருக்கும்.

இனி, தூரத்தை அளக்கும் கலையைப் பற்றிச் சிறிது கூறுவேன். அது மோட்டாரினும் மிகப் பழையது. ரோமாபுரியின் சிற்பநூலாசிரியர் விட்ருவியஸ், கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டிலேயே தூரம் எண்ணும் வண்டியொன்றை வருணித்துள்ளார். வண்டிச் சக்கரம் 400 முறை சுழன்றால் 5,000 அடி ஆகும். அதுவே ரோமானியரின் ஒரு மைல். அத்தனை சுற்று முடிந்ததும் பற்சக்கரம் ஒன்று நகர்ந்து, ஒரு கூழாங்கல்லைப் பாத்திரத்தில் விழச் செய்யும். பயண முடிவில் கற்களை எண்ணினால் கடந்த மைல்கள் தெரியும். நம் நாட்டில் 1802-இல் லாம்டன் என்னும் ஆங்கிலேயர் மாபெரும் நில அளவையைத் தொடங்கியபோது, பரங்கிமலையருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலி கொண்டு அளந்தார். சாலைகளை அளப்போர் கைப்பிடியுடன் கூடிய அளவுச் சக்கரத்தை உருட்டிச் சென்று, அதன் சுற்றுக்களை எண்ணினர். மோட்டார்க் காரின் தூரமானி இவ்வளவுச் சக்கரத்தின் பேரப்பிள்ளையே. சுற்றுக்களை எண்ணுதல் என்னும் கருத்து ஈராயிரம் ஆண்டுகளாக மாறவில்லை.

வேகத்தை அளத்தல் அவ்வளவு எளிதன்று. தூரம் எண்ணிக்கை, வேகமோ எண்ணிக்கையைக் காலத்தால் வகுத்து வருவது. ஓடும் காரில் யார் வகுத்துக்கொண்டிருப்பது? இதற்கு அழகிய விடை கண்டவர் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து எஞ்ஜினியர் ஓட்டோ ஷூல்ட்சே. 1902-இல் அவர் உரிமை பெற்ற கருவியின் தத்துவமே பிற்காலத்து ஸ்பீடாமீட்டர்களுக்கெல்லாம் அடிப்படை. கியர் பாக்ஸிலிருந்து முறுக்கிய கம்பி ஒன்று உறைக்குள் சுழன்றபடி மீட்டர்வரை வருகிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் மீட்டர் கேபிள் என்று வழங்குவது இதனையே. அதன் முனையில் ஒரு காந்தம் சுழலும். காந்தத்தைத் தொடாமல் அதை மூடியபடி ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கும். காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து, கிண்ணத்தையும் உடன் இழுக்கும். மயிரிழை போன்ற சுருள்வில் ஒன்று அதைப் பின்னுக்குப் பிடித்து நிறுத்தும். இழுப்பும் பிடிப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. வேகம் கூடினால் இழுப்பு கூடும், முள் ஏறும். பௌதிக வகுப்பில் பாரடேயின் ஆராய்ச்சிகளைப் பயிலும் மாணவர்கள், அவற்றின் பயனைத் தந்தையாரின் பழைய ஸ்கூட்டரிலேயே கண்டிருப்பார்கள். அவ்வண்டியின் வேகமுள்ளும் இத்தத்துவப்படி அசைந்ததே.

இப்பொழுது ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். பழைய மீட்டர்ப் பெட்டிக்குள் இரண்டு கருவிகள் கூட்டுக்குடித்தனம் செய்கின்றன. ஒன்று, காந்தத்தால் இயங்கும் வேகமுள். மற்றொன்று, திருகுப் பற்சக்கரங்களால் இயங்கும் தூர எண்கள். இரண்டையும் ஓட்டுவது ஒரே கேபிள். ஆனால் முள் கேபிளின் விரைவை உணர்கிறது. எண்களோ கேபிளின் சுற்றுக்களை எண்ணுகின்றன. பிரிட்டிஷ் மரபு மீட்டர்களின் தட்டிலே சிறிய எழுத்தில் 1000 அல்லது 1600 போன்ற ஓர் எண் அச்சிட்டிருப்பதைக் காணலாம். கேபிள் அத்தனை முறை சுற்றினால் ஒரு மைல் என்பது அதன் பொருள். 1000 என்று அச்சிட்ட மீட்டரில் கேபிள் நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால், நிமிடத்துக்கு ஒரு மைல், அதாவது மணிக்கு 60 மைல் வேகம். இந்த எண்ணைப் பலரும் வரிசை எண் என்று கருதிவிடுகிறார்கள். அஃது அப்பெட்டியின் பிறப்புக் குறிப்பு.

இனி 1950-களின் மாற்றத்துக்கு வருவோம். விடுதலை பெற்ற இந்தியாவில் எடைக்கும் நீளத்துக்கும் முகத்தலுக்கும் ஊருக்கொரு அளவை வழங்கிவந்தது. படியும் மரக்காலும் ஒவ்வொரு வட்டாரத்திலும் வேறுபட்டன. இக்குழப்பத்தைத் தீர்க்க 1956-இல் எடை அளவைத் தரச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ரூபாய்க்கு 16 அணா என்பது போய் 100 நயா பைசா வந்தது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் அளவைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. கடைத் தராசில் சேர் போய்க் கிலோ ஏறியதைப் பற்றி நூல்கள் பல பேசுகின்றன. சாலையிலும் மோட்டாரிலும் ஏற்பட்ட மாற்றத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மைல் கற்கள் இருந்த சாலைகளில் கிலோமீட்டர்க் கற்கள் தோன்றின. காலனில் அளந்த பெட்ரோல் லிட்டரில் வந்தது. பாரன்ஹீட்டில் சொன்ன வெப்பம் சென்டிகிரேடில் சொல்லப்பட்டது. 1950-களில் வந்த கார்களின் தட்டில் மைல் இருந்தது. பின்னர் வந்தவற்றில் கிலோமீட்டர் இடம் பிடித்தது. நம் நாவு மட்டும் பழமையை விடவில்லை. மஞ்சள் தலையுடன் நிற்கும் கிலோமீட்டர்க் கல்லை இன்றும் மைல் கல் என்றே சொல்கிறோம். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை மைலேஜ் என்று கேட்கிறோம். சட்டத்தால் மாறாத ஒன்றும் மொழியில் உண்டு போலும்!

சாலையும் சட்டமும் மாறின; ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கார் என்ன செய்யும்? அதன் முள் மைலையே காட்டியது. கற்களோ கிலோமீட்டரைக் கூறின. இதற்குச் சிலர் எளிய வழி கண்டார்கள். தட்டைக் கழற்றி, புதிய எண்களை எழுதி மாட்டிவிட்டார்கள். 60 இருந்த இடத்திலிருந்து சற்றே தள்ளி 100 எழுதப்பட்டது. மணிக்கு 60 மைல் என்பது 96.56 கிலோமீட்டர் ஆதலால், இது கணக்கின்படி சரியே. முள் அதே கோணத்தில் நிற்கிறது. அதற்கு நாம் கூறும் பெயர் மாறுகிறது. பழுதேதும் இல்லை.

பழுது தூர எண்களிலே. அவை பற்சக்கரங்களால் ஓடுகின்றன என்றேனல்லவா? 1000 சுற்றுக்கு ஒன்று எண்ணும்படி வெட்டிய பற்சக்கரம், தட்டில் என்ன எழுதினாலும் 1000 சுற்றுக்கு ஒன்றுதான் எண்ணும். கிலோமீட்டரை எண்ண வேண்டுமானால் ஏறத்தாழ 621 சுற்றுக்கு ஒன்று எண்ணும் பற்சக்கரம் வேண்டும். அதை மாற்றாமல் முகத்தை மட்டும் மாற்றிய பெட்டியில், மேலே கிலோமீட்டர், கீழே மைல். ஒரே தட்டில் இரண்டு மொழிகள். ஆனால் பெயர்ப்பலகை ஒன்று! அத்தகைய மீட்டர் 62,000 எனக் காட்டினால், வாங்குவோர் அது 62,000 கிலோமீட்டர் ஓடிய கார் என்று எண்ணுவார். உண்மையில் அது ஏறத்தாழ 99,800 கிலோமீட்டர் ஓடியிருக்கும். ஏமாற்ற வேண்டும் என்று எவரும் கருதாமலே ஒரு பொய் அங்கே நிலைபெற்றுவிடுகிறது. வரலாற்றில் இவ்வகைப் பொய்கள்தாம் கண்டுபிடிக்க அரியவை.

விழுப்புரத்து அன்பர் ஒருவர், தம்மிடமிருந்த பழைய கார் லிட்டருக்கு ஆறரைக் கிலோமீட்டர்தான் கொடுக்கிறது என்று வருந்தி, கார்புரேட்டரை இருமுறை பிரித்துச் சீர்செய்துவிட்டார். அவர் காரின் மீட்டரைச் சாலைக் கற்களோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். திண்டிவனம் போய்ச் சேர்ந்தபோது மீட்டர் கூட்டியிருந்தது 24-க்கும் குறைவே. கணக்கைப் போட்டுப் பாருங்கள். இங்கிலாந்து காலன் 4.546 லிட்டர். காலனுக்கு 30 மைல் ஓடும் கார், லிட்டருக்கு 10.6 கிலோமீட்டர் ஓடுகிறது என்று பொருள். மைலைக் கிலோமீட்டர் என்று மயங்கினால் அதே கார் லிட்டருக்கு 6.6 என்று காட்டும். கார்புரேட்டர் பாவம், குற்றமற்றது.

மாணவர்களும் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்றுண்டு. நாற்கரச் சாலையில் பெரியவர் ஒருவர் காரைச் சீரான வேகத்தில் ஓட்ட, நீங்கள் கைக்கடிகாரத்துடன் பக்கத்தில் அமருங்கள். ஒரு கிலோமீட்டர்க் கல்லிலிருந்து அடுத்த கல்வரை ஆகும் விநாடிகளை எண்ணுங்கள். 3600-ஐ அவ்வெண்ணால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும். 60 விநாடியானால் 60 கிலோமீட்டர். 72 விநாடியானால் 50. ஒரே கல்லோடு நில்லாமல் ஐந்தாறு கற்களுக்குச் சராசரி காணல் நலம். கற்கள் யாவும் சரியான இடத்தில் நடப்பட்டவை என்று நம்பிவிடல் ஆகாது. முள் கூறுவதும் நீங்கள் கண்டதும் ஒவ்வாவிடின், காரணத்தைத் தேடுங்கள். பல்லாண்டுகளில் காந்தம் வலுவிழந்தால் முள் குறைத்துக் காட்டும். கேபிளுக்கு இட்ட கிரீஸ் அளவுக்கு மிஞ்சி மேலேறிக் கிண்ணத்தில் படிந்தால், முள் தாறுமாறாக ஏறும். கேபிள் உலர்ந்தால் முள் நடுங்கும். பழைய டயருக்குப் பதில் குறுகிய விட்டமுள்ள ரேடியல் டயர் போட்டால், சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குள் கூடுதலாகச் சுற்றும். மீட்டர் மிகைத்துக் காட்டும். விட்டம் நூற்றுக்கு மூன்று குறைந்தால் மீட்டரும் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று மிகைப்படும்.

வேகமானியை விடுத்து மற்ற மீட்டர்களுக்கு வருவோம். ஹெரால்டு இனக் கார்களின் எளிய வகைகளில் ஒரே ஒரு வட்டத் தட்டுதான். பெட்ரோல் மானியும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். சூட்டைக் காட்டும் மீட்டர் கிடையாது. இங்கிலாந்தின் குளிருக்கு அது போதும். சித்திரை மாதத்து நண்பகலில் திண்டிவனத்துக் கருங்கற் பாறைகளினூடே செல்லும் காருக்கு அது போதாது. ரேடியேட்டரில் நீர் கொதித்து ஆவி கிளம்பிய பிறகே செய்தி தெரியும். ஆகவே சூட்டு மீட்டர் ஒன்றைக் கூடுதலாக வைப்பதை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். இயந்திரத்தின் உயிரைக் காக்கும் செயல் அது. பழைய முறையில் அமைந்த சூட்டு மீட்டர் மின்சாரத்தைக் கேளாது. இயந்திரத்தில் பதிந்த குமிழிலுள்ள திரவம் சூடேறி ஆவியாகி, மெல்லிய செம்புக்குழாய் வழியே அழுத்தத்தை அனுப்பும். வளைந்த தட்டைக் குழாய் ஒன்று அவ்வழுத்தத்தால் விரிந்து முள்ளைத் தள்ளும். இந்த வளைகுழாயைப் பிரான்ஸ் நாட்டு யூஜீன் பூர்தோன் 1849-இல் கண்டுபிடித்தார். எண்ணெய் அழுத்தம் காட்டும் மீட்டரும் இதே குழாயால் இயங்கியது. செம்புக்குழாயை அறுத்துவிட்டால் சூட்டு மீட்டர் செத்துவிடும். கழற்றுவோர் இதை மறந்து கத்தரித்துவிடுவதுண்டு.

பெட்ரோல் மீட்டரில் மற்றொரு சூட்சுமம். தொட்டிக்குள் மிதவை, மிதவையுடன் இணைந்த மின்தடை, தடைக்கேற்ப முள். பிற்காலத்துப் பிரிட்டிஷ் மரபு மீட்டர்களில் ஈருலோகப் பட்டை ஒன்று மின்சாரத்தால் சூடேறி வளைந்து முள்ளை நகர்த்தும். பாட்டரியின் மின்னழுத்தம் ஏறியிறங்கினாலும் முள் ஆடாதிருக்க, சராசரி 10 வோல்ட் தரும் நிலைப்படுத்தி ஒன்று பின்னால் இருக்கும். பெட்ரோல் முள்ளும் சூட்டு முள்ளும் ஒரே நேரத்தில் மிகைத்துக் காட்டினால், மீட்டர்கள் இரண்டும் கெட்டன என்று தூக்கி எறியலாகாது. கெட்டது பெரும்பாலும் இந்தச் சிறு பெட்டியே. மேலும், இம்மரபில் தொட்டி காலியாக இருக்கையில் மின்தடை மிகுதி, நிறைந்திருக்கையில் குறைவு. வேறு சில நாட்டுக் கருவிகளில் இது தலைகீழ். புதிய மீட்டரைப் பழைய தொட்டி மிதவையோடு ஆராயாமல் சேர்த்தால், காலித் தொட்டிக்கு முள் நிறைவு காட்டும். விக்கிரவாண்டிக்கு இப்பாலும் அப்பாலும் இல்லாமல் நடுவழியில் நிற்க நேர்ந்த பின்பு அறிவது நன்றன்று.

ஆம்பியர் மீட்டரைப் பற்றி எச்சரிக்கை சொல்லியே ஆகவேண்டும். பழைய அமைப்பில் பாட்டரிக்குப் போகும் மின்னோட்டத்தின் பெரும்பகுதி இந்த மீட்டரினூடே பாயும். முப்பது ஆம்பியருக்கென்று அமைந்த மீட்டரை வைத்துக்கொண்டு, டைனமோவை எடுத்துவிட்டு ஆற்றல் மிகுந்த ஆல்டர்னேட்டரைப் பூட்டினால், முகப்பலகைக்குப் பின்னால் கம்பிகள் சூடேறித் தீப்பற்ற இடமுண்டு. அவ்விடத்தில் வோல்ட் மீட்டர் வைத்துவிடுதல் அறிவுடைமை. பழைய பிரிட்டிஷ் மரபுக் கார்கள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனை உடலோடு இணைந்திருக்கும். இக்காலக் கருவிகளோ எதிர்முனை உடலோடு இணையும் என்று கொண்டு செய்தவை. இதைப் பாராமல் பூட்டினால் புதுக்கருவி ஒரு நொடியில் வெந்துபோம். இருளில் ஒளிரும் மிகப் பழைய தட்டுக்களில் ரேடியம் கலந்த வண்ணம் பூசியிருக்கக்கூடும். அவற்றைச் சுரண்டுவதோ ஊதித் துடைப்பதோ கூடாது. மாணவர்கள் இதை மனத்தில் கொள்க.

இவ்வளவும் கூறியபின் மூல வினாவுக்கு வருகிறேன். பழைய மீட்டர்களை மாற்றலாமா? இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சியார், பழையதை முற்றும் எடுத்துவிட்டு எண்கள் ஒளிரும் புதுத்தட்டைப் பொருத்துகிறார்கள். காண்பதற்குப் பளிச்சென்று இருக்கும். கார் தன் பிறப்பை மறந்துவிடும். மறு கட்சியார், ஓர் ஆணியும் மாறலாகாது என்பர். இவர்கள்பால் எனக்கு மதிப்பு உண்டெனினும், உடன்பாடு இல்லை. பொருட்காட்சியில் நிற்கும் காருக்கு அவ்விதி பொருந்தும். கோயம்புத்தூரில் 2015-இல் திறக்கப்பட்ட ஜீடி கார் அருங்காட்சியகத்தில் அத்தகைய முகப்பலகைகளைக் கண்டு மகிழலாம். ஆனால் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே பேருந்துகளும் லாரிகளும் விரையும் நாற்கரச் சாலையில் இறங்கும் காரின் வேகமுள் பொய் சொல்லலாகாது. அங்கே பிறர் உயிரும் கணக்கில் சேர்கிறது. ஐரோப்பிய நாடுகள் ஏற்றுக்கொண்ட விதிப்படி, வேகமானி உண்மை வேகத்தினும் குறைத்துக் காட்டவே கூடாது. ஓரளவு மிகைத்துக் காட்டலாம். நல்ல விதி அது.

இரு கட்சிக்கும் நடுவே ஒரு வழி உண்டு. அது நம் முன்னோர் வழி. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் என்னும் சோழப் பேரரசியார், செங்கல்லால் ஆகிய பழைய கோயில்கள் பலவற்றைக் கருங்கல்லால் எடுப்பித்தார். நம் வட்டாரத்துத் திருவக்கரையிலும் அவருடைய கற்றளி உண்டு. தஞ்சைத் தரணியிலுள்ள திருக்கோடிகாவில் பழைய கோயிலைப் பிரித்தபோது, அதன் கற்களில் இருந்த பழஞ்சாசனங்களை அவர் அழியவிடவில்லை. அவற்றைப் படியெடுத்து, புதிய சுவரில் மீண்டும் வெட்டுவித்தார். தமக்கு முற்பட்ட அரசர்கள் செய்த தானங்களும் அவர்கள் பெயர்களும் ஆட்சியாண்டுகளும் இதனாலேயே நமக்குக் கிடைத்தன. கட்டடத்தைப் புதுக்கலாம், எழுத்தை இழக்கலாகாது என்பது அவ்வம்மையார் கைக்கொண்ட நெறி. கல்வெட்டு அறிஞர்கள் இன்றளவும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

காரின் முகப்பலகைக்கும் இதைப் பொருத்திப் பாருங்கள். தட்டும் முள்ளும் சட்டமும் எழுத்து. உள்ளே இருக்கும் காந்தமும் பற்சக்கரமும் கட்டடம். தட்டை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் இருப்பதை மட்டும் மாற்ற இந்நாளில் முடிகிறது. கியர் பாக்ஸின் சுழற்சியை மின்துடிப்பாக மாற்றும் சிறு உணர்கருவி ஒன்றும், அத்துடிப்பை எண்ணிப் படிப்படியாகத் திரும்பும் மின்மோட்டார் ஒன்றும் போதும். மைல் எழுதிய பழைய தட்டின்மேல் பழைய முள்ளே உண்மையைக் காட்டும். வானிலுள்ள செயற்கைக்கோள்களைக் கொண்டு வேகத்தை அறியும் கருவிகளும் உண்டு. அவை டயரின் விட்டத்தைப் பொருட்படுத்துவதில்லை. கிலோமீட்டர் வேண்டுவோர் அதற்கெனச் சிறிய கருவி ஒன்றைத் தனியே, கழற்றத்தக்கவாறு பலகையின் அடியில் வைத்துக்கொள்ளலாம். மைலை அழித்துக் கிலோமீட்டர் எழுத வேண்டுவதில்லை. பழைய பெட்டியையே பழுதுபார்க்கவும் கூடும். 1970-களில் கோயம்புத்தூரில் தோன்றிப் பின்னர்ப் பிரிக்கால் எனப் பெயர் பெற்ற ஆலை, மோட்டார் மீட்டர்களைப் பெருந்தொகையில் செய்து நாடெங்கும் அனுப்பியது. அத்தொழில் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று.

சட்டம் இதில் என்ன சொல்கிறது? 2021 ஜூலையில் மத்திய அரசு, ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட பழைய இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளைப் பதிவு செய்வதற்கெனத் தனி விதிகளை வகுத்தது. அத்தகைய வண்டியின் சட்டகமும் உடற்கூடும் இயந்திரமும் பெருமாற்றம் பெறாமல் மூலவடிவில் இருத்தல் வேண்டும். பதிவு பெற்றவற்றின் எண்பலகையில் விண்டேஜ் என்பதைக் குறிக்கும் இரண்டு எழுத்துக்கள் இடம்பெறும். அன்றாடப் பயணத்துக்கும் வாணிகத்துக்கும் அவற்றை ஓட்டக் கூடாது. மூலவடிவை வற்புறுத்தும்போது அவ்விதி பெயர் சொல்லி நிறுத்துவது சட்டகம், உடற்கூடு, இயந்திரம் என்னும் மூன்றையே. முகப்பலகையில் என்ன எஞ்ச வேண்டும் என்பது பெரிதும் உரிமையாளர் கையிலும், அவர் நாடும் மெக்கானிக்கின் கையிலும் இருக்கிறது.

ஆகவே கழற்றத் தொடங்குமுன் செய்யவேண்டியது ஒன்று. மீட்டரில் உள்ள தூர எண்ணையும், அது மைலா கிலோமீட்டரா என்பதையும், தட்டிலுள்ள சிறிய சுற்றெண்ணையும், தேதியையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். புகைப்படமும் எடுங்கள், பற்சக்கரம் மாற்றுவதாயின் மாற்றிய நாளன்று இருந்த எண்ணைத் தனியே குறியுங்கள். புதிய கருவியில் பழைய எண்ணிலிருந்து தொடரும்படி அமைக்க இயலுமானால் அமையுங்கள்; இயலாதெனில் இரண்டையும் கூட்டிக் காட்டும் குறிப்பைக் காரின் ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். கழற்றிய பழைய பொறியை இரும்புக் கடைக்குப் போடாமல், எண்ணெய்த் துணியில் சுற்றி, அத்தாளின் படியொன்றுடன் ஒரு தகரப் பெட்டியில் இட்டு, காரின் பின்புறப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.